முட்டு வலிக்கு அந்த வெள்ளைக் குளிகையா?

"மக்களே, முட்டு வலிக்கு அந்த வெள்ளைக் குளிகை ரெண்டு அட்டை தா."

களியக்காவிளை பக்கத்தில் இருக்கும் எங்கள் மருந்துக்கடையில் இந்த வரியைக் கேட்காமல் ஒரு நாள் போவதில்லை. மாத்திரையைக் குளிகை என்றும் முழங்காலை முட்டு என்றும் சொல்வதுதான் எங்கள் ஊர்ப் பேச்சு. சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் பாறசாலையிலிருந்து வருகிறவர்களுக்கும் அதே சொற்கள்தான். வெள்ளைக் குளிகை என்றால் கால்சியம். கேட்பவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய பெண்கள். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தும் தோல் உரித்தும் முப்பது வருடம் உட்கார்ந்தே வேலை செய்தவர்கள் அவர்களில் பலர்.

யார் கேட்டாலும் கடையில் கிடைக்கிறது, வீட்டில் எல்லோரும் தின்கிறார்கள், அதனால் இது வெறும் சத்து மாத்திரை, தின்றால் நல்லது, கூடினாலும் கெடுதல் இல்லை என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. கால்சியம் மாத்திரை சிலருக்குக் கட்டாயம் வேண்டும். சிலருக்கு அது வீண் செலவு. இன்னும் சிலருக்குக் கெடுதலே செய்யும். நம் வீட்டில் இருப்பவர் எந்த வகை என்று பார்க்கத் தெரிந்தால் போதும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த முட்டு வலி. வயதானவர்களுக்கு வரும் முழங்கால் வலி பெரும்பாலும் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு தேய்வதால் வருவது. குருத்தெலும்பு வேறு, எலும்பு வேறு. கால்சியம் தின்றால் தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது. கால்சியம் குறைந்து எலும்பு மெலிவதற்கு எலும்புப்புரை என்று பெயர். அது வலிக்கவே வலிக்காது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்போ மணிக்கட்டோ முறியும்வரை அது இருப்பதே தெரியாது. வலிக்கிறவர் மாத்திரை தேடி வருகிறார், எலும்பு மெலிந்தவர் வீட்டிலேயே இருக்கிறார் என்பதுதான் நான் தினமும் பார்ப்பது. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. வைட்டமின் டி மிகவும் குறைந்துபோனால் உடம்பு முழுக்க எலும்பு வலிக்கும், தரையிலிருந்து எழுந்திருக்கத் தொடையில் பலம் இருக்காது. அப்படியென்றால் கடைக்கு வருவதற்கு முன் மருத்துவரிடம் போக வேண்டும்.

பத்தாயமும் விதைநெல்லும்

வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். மிச்சம் 1 சதவீதம்தான் ரத்தத்திலும் தசையிலும் மற்ற இடங்களிலும். ஆனால் இந்தச் சின்னப் பங்கு இல்லாமல் இதயம் துடிக்காது, தசை சுருங்காது, காயத்தில் ரத்தம் உறையாது. அதனால் ரத்தத்தில் கால்சியம் குறைய உடம்பு விடவே விடாது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசிமணி அளவில் நான்கு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கொஞ்சம் குறைந்தாலும் அவை எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். வீட்டில் அரிசி இல்லாத நாளில் பத்தாயத்தில் வைத்திருக்கும் விதைநெல்லை எடுத்துக் குத்துவது போலத்தான். அன்றைக்குப் பசி தீரும். பத்தாயம் குறையும்.

ரத்தப் பரிசோதனைத் தாளில் கால்சியம் 9.4 என்று சரியாக இருந்தால் எலும்பு உறுதியாக இருக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தாள் அடுப்பில் சோறு வெந்ததா என்று மட்டும்தான் சொல்கிறது. பத்தாயத்தின் அளவைப் பார்க்க டெக்ஸா ஸ்கேன் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதில் டி-ஸ்கோர் என்று ஓர் எண் வரும். மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை.

பத்தாயம் நிரம்புவது கிட்டத்தட்ட முப்பது வயது வரைதான். அதற்குப் பிறகு மெல்ல மெல்லக் குறையும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்துவிடுவதால் முதல் சில ஆண்டுகள் வேகமாகக் குறையும். கடைக்கு வரும் அம்மாக்களின் வயது இதனால்தான் முக்கியம்.

முதலில் தட்டை எண்ணிப் பாருங்கள்

ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2010-இல் பெரியவர்களுக்கு 600 மி.கி. என்று சொல்லியிருந்தன. 2020-இல் அதை 1,000 மி.கி. ஆக உயர்த்தின. பால் கொடுக்கும் தாய்க்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் 1,200 மி.கி. வரை வேண்டும்.

இந்த 1,000 முழுவதும் மாத்திரையில் வர வேண்டியதில்லை. சாப்பாட்டில் வருவது போக மிச்சம்தான் மாத்திரை. இதைச் சொல்லாமல் நான் யாருக்கும் அட்டையை எடுத்துக் கொடுப்பதில்லை. கணக்கும் எளிது. ஒரு தம்ளர் பால், அதாவது 200 மில்லி, சுமார் 240 மி.கி. கொடுக்கும். தயிரும் அதே கணக்குதான். 100 கிராம் கேழ்வரகில் 350 மி.கி.யை ஒட்டி இருக்கிறது. முருங்கையிலையில் 100 கிராமுக்கு 300-க்கும் மேல். முள்ளோடு மென்று தின்கிற நெத்தோலியும், முள் கரையும்வரை சட்டியில் வற்றவைத்த சாளையும் நல்ல கால்சியம். அந்தக் கால்சியம் சதையில் இல்லை, முள்ளில்தான் இருக்கிறது. முள்ளை எடுத்துப் பூனைக்குப் போட்டால் நமக்கு வருவது கொஞ்சம்தான். நெத்தோலிக் கருவாடு இன்னும் செறிவானது. ஆனால் உப்பு அதிகம். உப்பு கூடினால் சிறுநீரில் போகும் கால்சியமும் கூடும், ரத்த அழுத்தம் இருப்பவருக்கு அது வேறு தொல்லை. பாலக் கீரையில் கால்சியம் இருந்தாலும் அதிலேயே இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் அதைக் கட்டிப் போட்டுவிடும், உடம்பில் சேர்வது மிகவும் குறைவு. சோற்றிலும் மரச்சீனி என்ற மரவள்ளிக் கிழங்கிலும் சொல்லும்படி ஒன்றும் இல்லை.

அண்டி ஆபீஸ் போகும் ஒரு அம்மாவின் ஒரு நாளை அவரோடு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். காலையில் கட்டன் சாயா, அதாவது பால் இல்லாத தேநீர், பழங்கஞ்சி. மத்தியானம் சோறு, மீன்கறி. சாயங்காலம் இன்னொரு கட்டன். ராத்திரி மரச்சீனி அவித்ததும் மீன்கறியும். பால் கிடையாது, தயிர் கிடையாது, கீரை வாரத்துக்கு ஒரு தடவை. மீனை முள் நீக்கித்தான் தின்கிறார். எப்படிக் கூட்டினாலும் 400 மி.கி.யைத் தொடவில்லை. அவருக்குக் குறை இருக்கிறது. அதே தெருவில் மாடு வளர்க்கிற வீட்டில் காலையிலும் ராத்திரியிலும் பால், மத்தியானம் மோர் என்று இருப்பவர்களுக்குப் பால் வகையிலேயே 600, 700 வந்துவிடுகிறது. அவர்களும் அதே அட்டையைத்தான் கேட்கிறார்கள்.

அட்டையின் பின்பக்கம்

கையில் இருக்கும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் 500 என்று பெரிதாக இருக்கும். பின்னால் சின்ன எழுத்தில், கால்சியம் கார்பனேட் 1,250 மி.கி., அது 500 மி.கி. கால்சியத்துக்குச் சமம் என்று இருக்கும். கார்பனேட்டில் 40 சதவீதம்தான் கால்சியம். சிட்ரேட் என்றால் 21 சதவீதம். எனவே பெட்டியில் கால்சியம் சிட்ரேட் 1,000 மி.கி. என்று போட்டிருந்தால் உள்ளே உண்மையில் இருப்பது 210 மி.கி. 1,000 என்று பார்த்ததும் ஒன்று போதும் என்று நினைக்கிறவர்களும் உண்டு, 500-ஐ விட இரண்டு மடங்கு சத்து என்று நினைக்கிறவர்களும் உண்டு. இரண்டுமே தவறு.

வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஊறுகாய்க்கு வைத்திருக்கும் வினிகரை ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி ஒரு கார்பனேட் மாத்திரையைப் போடுங்கள். மேல்பூச்சு நனைந்ததும் ஓரங்களில் நுரை கிளம்பும், மாத்திரையைச் சுற்றிப் பொடி உதிரும். நடுநடுவே கலக்கிவிட்டால் அரைமணி நேரத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும். பக்கத்திலேயே இன்னொரு கிண்ணத்தில் தண்ணீரில் ஒன்றைப் போட்டால், மாத்திரை உடைந்து பொடியாகும், ஆனால் பொடி அடியில் அப்படியே கிடக்கும். கார்பனேட் கரைவதற்கு அமிலம் வேண்டும். வயிற்றில் அமிலம் நன்றாகச் சுரப்பது சாப்பிடும்போதுதான். கார்பனேட் மாத்திரையைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன் போட வேண்டும் என்பதன் காரணம் இதுதான். வயிற்றெரிச்சலுக்குத் தினமும் பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் போடுகிறவர்களுக்கு அமிலமே குறைவு. அவர்களுக்கு சிட்ரேட் நல்லது, அதை எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

இன்னொன்று, குடல் ஒரே நேரத்தில் 500 மி.கி. வரைதான் நன்றாக எடுத்துக்கொள்ளும். இரண்டு மாத்திரை வேண்டுமென்றால் மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று. கூடவே வைட்டமின் டி இருந்தால்தான் குடல் கதவைத் திறக்கும். டி குறைவாக இருந்தால் 10, 15 சதவீதம்தான் உள்ளே போகும். போதுமான அளவு இருந்தால் 30, 40 சதவீதம் போகும். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கூரைக்குக் கீழேயும் ரப்பர் தோட்டத்து நிழலிலும் பகல் முழுக்க இருப்பவர் உடம்பில் அந்த வெயில் படுவதில்லை.

யாருக்குப் பலன்

கர்ப்பிணிகளுக்கு இதில் சந்தேகமே வேண்டாம். கால்சியம் குறைவாக உண்ணும் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்புவரை போகும் ஆபத்தை இந்த மாத்திரை குறைக்கிறது. இந்திய அரசின் 2014 வழிகாட்டுதல்படி 14-ஆவது வாரத்திலிருந்து தினம் இரண்டு மாத்திரை, பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம். ஒவ்வொன்றிலும் 500 மி.கி. கால்சியமும் 250 யூனிட் வைட்டமின் டி3-யும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுப்பது இதைத்தான். பெங்களூருவில் 11,000 கர்ப்பிணிகளிடம் செய்து 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாளுக்கு 500 மி.கி. கொடுத்ததும் 1,500 மி.கி. கொடுத்ததும் அந்த ஆபத்தைத் தடுப்பதில் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்தன. அதற்காக யாரும் தானாக மாத்திரையைக் குறைக்க வேண்டாம். செவிலியர் சொன்னபடி போடுங்கள்.

வயதானவர்கள் விஷயத்தில் இரண்டு பெரிய ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் விளங்கும். பிரான்ஸில் முதியோர் இல்லங்களில் இருந்த 3,270 பெண்களுக்கு, சராசரி வயது 84, தினமும் 1,200 மி.கி. கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டி-யும் கொடுத்தார்கள். 1992-இல் முடிவு வந்தது: ஒன்றரை வருடத்தில் இடுப்பெலும்பு முறிவு 43 சதவீதம் குறைந்திருந்தது. அமெரிக்காவில் 36,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஏழு வருடம் நடந்த ஆய்வின் முடிவு 2006-இல் வந்தது. அங்கே எலும்பின் அடர்த்தி ஒரு சதவீதம்தான் கூடியது. இடுப்பு முறிவு குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது.

ஏன் இப்படி? பிரான்ஸ் பாட்டிகள் சாப்பாட்டில் பெற்றுக்கொண்டிருந்தது நாளுக்குச் சுமார் 500 மி.கி. வெளியே வெயிலுக்கும் போகாதவர்கள். அமெரிக்கப் பெண்களுக்கோ ஆய்வு தொடங்கும்போதே 1,100 மி.கி.க்கு மேல் கிடைத்துக்கொண்டிருந்தது. குறை இருந்த இடத்தில் மாத்திரை வேலை செய்தது. நிரம்பிய பானையில் ஊற்றியது வழிந்துபோய் வேறு இடத்தில் தொல்லை கொடுத்தது. நம் அண்டி ஆபீஸ் அம்மா பிரான்ஸ் பாட்டிகளின் பக்கம். மாடு வளர்க்கும் வீட்டுக்காரர் அமெரிக்கப் பெண்களின் பக்கம்.

ஆஸ்துமாவுக்கோ வாதத்துக்கோ ஸ்டீராய்டு மாத்திரை நீண்டநாள் எடுப்பவர்களுக்கும், எலும்புப்புரைக்கு மருந்து எடுப்பவர்களுக்கும் கால்சியம் வேண்டும். தைராய்டு அறுவை சிகிச்சையில் அந்த அரிசிமணிச் சுரப்பிகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு இது உயிர் மருந்து. உதடும் விரல்நுனியும் மரத்துக் குறுகுறுத்தால் அவர்களுக்கு அது அவசரம். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அவர்கள் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.

எங்கே கெடுதல்

மலச்சிக்கலும் வயிறு உப்புசமும்தான் அதிகம் கேட்கிற புகார், முக்கியமாக கார்பனேட்டில். தண்ணீர் கூட்டி, அளவைப் பிரித்துப் போட்டால் அடங்கும். இல்லையென்றால் சிட்ரேட்டுக்கு மாறலாம்.

சிறுநீரகக் கல் விஷயத்தில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். கல் வந்ததும் பாலையும் மீனையும் நிறுத்திவிட்டு மாத்திரையைத் தொடர்கிறார்கள். சாப்பாட்டில் இருக்கும் கால்சியம் குடலிலேயே கல்லை உண்டாக்கும் ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். அதனால் உணவில் கால்சியம் போதுமான அளவு இருப்பவர்களுக்குக் கல் வருவது குறைவு என்று 1990-களிலேயே தெரிந்துவிட்டது. ஆபத்து மாத்திரையில்தான், முக்கியமாகச் சாப்பாடு இல்லாமல் தனியாக விழுங்கினால். கல் வந்தவர் பாலை நிறுத்த வேண்டாம். மாத்திரையைப் பற்றித்தான் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இதயத்தைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது. 2010-இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கால்சியம் மாத்திரை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு 30 சதவீதம் வரை கூடியது என்றார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் சில அதை ஏற்கவில்லை, விவாதம் இன்னும் முடியவில்லை. உணவில் வரும் கால்சியத்துக்கு இந்தக் குற்றச்சாட்டு இல்லை. மாத்திரை ரத்தத்தில் கால்சியத்தைச் சட்டென்று ஏற்றுகிறது, சாப்பாடு மெல்ல ஏற்றுகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. என் பார்வையில், தட்டில் நிரப்ப முடிந்ததை மாத்திரையில் நிரப்பாமல் இருக்க இதுவே போதும்.

சாப்பாடும் மாத்திரையும் சேர்ந்து ஐம்பது வயதுக்கு மேல் நாளுக்கு 2,000 மி.கி.யைத் தாண்டக் கூடாது. இதைவிட எனக்குப் பயம் வைட்டமின் டி 60,000 யூனிட்டில்தான். மருத்துவர் வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதியிருப்பார். பழைய சீட்டை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வாங்குகிறார்கள். அது கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகும். பிறகு ரத்தத்தில் கால்சியம் ஏறி, தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, குழப்பம் என்று வந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீரக நோய் இருப்பவர்கள் இரண்டையுமே சொந்தமாக வாங்கவே கூடாது.

வெற்றிலைக்குத் தடவும் சிப்பிச் சுண்ணாம்பைத் தயிரில் கலந்து தின்றால் போதும், மாத்திரை வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது. சில மாத்திரைகள் சிப்பியிலிருந்துதான் செய்யப்படுகின்றன, அது உண்மை. ஆனால் அவற்றில் இருப்பது கார்பனேட். சுட்டு நீற்றிய சுண்ணாம்பு ஹைட்ராக்சைடு. காரம் மிகுந்தது, வாயையும் உணவுக்குழாயையும் பொத்துப்போகச் செய்யும். அளவும் தெரியாது. அதைச் செய்யாதீர்கள்.

சித்தியின் காலை

என் சித்திக்குத் தைராய்டு குறைவு. காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரை, கூடவே மறந்துவிடாமல் இருக்கக் கால்சியமும், ஒரே மிடறில். தைராய்டு குறையக் குறைய ரத்தத்தில் ஏறும் டி.எஸ்.எச். என்ற அளவு ஏறிக்கொண்டே போனது. மருத்துவர் அளவைக் கூட்டினார், மறுபடியும் கூட்டினார். சித்திக்கு முடி கொட்டியது, படியேற முடியவில்லை. ஒரு நாள் காலை நான் அங்கே இருந்தபோது அவர் உள்ளங்கையில் இரண்டு மாத்திரையையும் சேர்த்து வைத்திருந்ததைப் பார்த்தேன். நான் மருந்துக்கடையில் நிற்கிறவன், இதை ஒரு வருடம் முன்னால் கேட்டிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. கால்சியத்தை மத்தியானச் சாப்பாட்டுக்கு மாற்றினோம். இரண்டு மாதத்தில் டி.எஸ்.எச். இறங்கியது. மருத்துவர் தைராய்டு மாத்திரையின் அளவைக் குறைத்தார்.

கால்சியம் குடலில் மற்ற மருந்துகளைப் பிடித்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும். கர்ப்பிணிகள் இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரும்பு வீணாகும். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக் எடுக்கும் நாட்களில் கடைக்காரரிடம் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தயசைடு வகை நீர்மாத்திரை எடுப்பவர்களுக்கும், இதயத்துக்கு டிகாக்சின் எடுப்பவர்களுக்கும் கால்சியம் தொடங்குமுன் மருத்துவரின் சம்மதம் வேண்டும்.

அன்றைக்கு ரெண்டு அட்டை கேட்ட அம்மாவிடம் முந்தின நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். கணக்குப் பார்த்ததில் அவருக்குக் குறை உண்டு, ஆனால் பாதிதான். வேறு மாத்திரை எதுவும் எடுக்கவில்லை, கல் வந்ததில்லை. மத்தியானச் சோற்றோடு தினம் ஒன்று, கூட ஒரு தம்ளர் மோர், வாரம் மூன்று நாள் முருங்கையிலைத் துவரன், அதாவது பொரியல், என்று சொல்லி ஒரு அட்டை கொடுத்தேன். முட்டுக்கு மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து வந்தார். கடையின் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, வலது காலை நேராக நீட்டி, விரல்களை மேலே மடக்கி, "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று பத்துவரை எண்ணிவிட்டு இறக்கினார். தொடைக்குப் பலம் வர மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சி அது. "காலையில பத்து, ராத்திரி பத்து மக்களே. இப்போ படி இறங்கும்போ பிடிக்கிறது கொறவு," என்றார். அப்புறம் இடது காலை நீட்டினார்.